பின்கட்டுக் குளத்தை மூடச் சொல்கிறார்கள். மூடாமல் காப்பாற்ற வழி உண்டா?

சிலேத்தார் அல்லி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் சிலேத்தார் ஹில்ஸ் வட்டாரத்தில் ஒரு தரைவீட்டில் இருக்கிறோம். பின்கட்டில் பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டடி ஆழத்தில் சிமெண்டுக் குளம் ஒன்று உண்டு. ஏறக்குறைய 3,000 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 2019இல் என் கணவர் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு தம் கையாலேயே கட்டினார். என் மாமியாருக்காகக் கட்டியது அது. அத்தைக்கு இப்போது வயது 81. பட்டுக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். வாழ்க்கையின் பெரும்பகுதியை அடுக்குமாடி வீட்டிலேயே கழித்துவிட்டு, நாங்கள் இங்கே வந்தபோதுதான் மறுபடி மண் தரையில் கால் வைத்தார். ஊரில் வீட்டுக்கு எதிரே இருந்த குளத்தில் அல்லி பறித்ததை அடிக்கடி சொல்வார்.

அல்லி இரவில் விரியும். காலை வெயில் ஏறினால் கூம்பிவிடும். அதனால் அத்தை ஐந்தரை மணிக்கே எழுந்து, கையில் ஒரு சிறிய டார்ச் விளக்குடன் குளத்தருகே போவார். விரிந்த பூ ஒன்றைப் பறித்து, காம்பை நான்கு விரற்கடை விட்டு ஒடித்து, முருகன் படத்தின் முன் வைப்பார். ஆறு ஆண்டுகளாக இதுதான் வழக்கம்.

போன மாதம் இடப்பக்க வீட்டுப் பேரனுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தான். அந்த வீட்டுச் சீன ஆன்ட்டியும் நானும் பதினோரு ஆண்டுப் பழக்கம். தீபாவளிக்கு முறுக்கு அங்கே போகும்; சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழம் இங்கே வரும். பிள்ளை வீடு திரும்பிய அன்று மாலை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உன் குளத்துக் கொசுதான்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மறுவாரம் அஞ்சல் பெட்டியில் கையால் எழுதிய ஒரு தாள் கிடந்தது. குளத்தை மூடாவிட்டால் ஒன்சர்வீஸ் என்ற அரசுச் செயலியில் புகார் செய்யப்போவதாக எழுதியிருந்தார். கோபத்தைவிட அந்தக் கையெழுத்தில் இருந்த நடுக்கம்தான் என்னை வருத்துகிறது.

வலப்பக்க வீட்டில் மலாய்க் குடும்பம். அவர்களுக்கு வேறு குறை. பம்ப் சத்தம் படுக்கையறைச் சுவரில் ரீங்கரிக்கிறதாம்; மழை பெய்த இரவுகளில் தவளைகள் கத்துகின்றனவாம். மிகவும் பணிவாகத்தான் சொன்னார்கள்.

தோட்ட வேலை செய்யும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். வந்தவர் குளத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், 1,800 வெள்ளிக்கு மண் கொட்டி மூடிப் புல் போட்டுத் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் தண்ணீரின் மேல் எண்ணெய் ஊற்றச் சொன்னார். நானாக 30 கப்பி மீன்கள் வாங்கி விட்டேன். குளத்தைக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பிய மறுநாளே பாதி செத்து மிதந்தன. தினமும் குனிந்து பார்க்கிறேன், தண்ணீரில் ஒரு புழுவும் என் கண்ணுக்குத் தென்படவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வரும்போது, எங்களால்தானோ என்ற எண்ணம் நெஞ்சை அறுக்கிறது.

மூடிவிடலாம் என்று கணவர் சொல்லத் தொடங்கிவிட்டார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரமாக அவர் பூப்பறிக்கப் போகவில்லை.

குளம் வைத்திருப்பவர்கள், கொசுத்துறையில் வேலை செய்பவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். மூடத்தான் வேண்டும் என்றால் மூடிவிடுகிறேன். அதற்கு முன் உண்மை என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும்.

கெம்பாங்கான் கோய் எழுதியது:

அம்மா, முதலில் எண்ணெய் ஊற்றாதீர்கள். அந்தக் காலத்தில் மலேரியாவை ஒழிக்க வடிகாலில் எண்ணெய் தெளித்தார்கள். எண்ணெய்ப் படலம் கொசுப்புழு மூச்சு விடுவதைத் தடுக்கும். உங்கள் குளத்தில் அது புழுவோடு சேர்த்து மற்ற உயிர்களுக்கும் மூச்சை முட்டவைக்கும். புழுவைத் தின்னும் மீனையும் தும்பிக் குஞ்சையும் கொன்றுவிட்டுக் கொசுவை ஒழிக்க முடியாது.

உங்கள் கப்பிகள் ஏன் செத்தன என்று எனக்குப் புரிகிறது. நம் குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் குளோரமின் சேர்க்கிறார்கள். வெறும் குளோரின் என்றால் ஒரு நாள் திறந்து வைத்தால் பறந்துவிடும். குளோரமின் அப்படி எளிதில் போகாது. மீன் கடையில் அதை முறிக்கும் திரவ மருந்து கிடைக்கும். புதுத் தண்ணீர் விடும்போதெல்லாம் புட்டியில் எழுதியுள்ள அளவுப்படி கலந்துவிட்டு நிரப்புங்கள். இன்னொன்று, குளத்தை ஒரேயடியாகக் கழுவாதீர்கள். ஒரு தடவைக்கு ஐந்தில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றினால் போதும். சுவரிலும் வடிகட்டியிலும் படிந்திருக்கும் வழவழப்பு அழுக்கு இல்லை. மீன் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. அதைத் தேய்த்துக் கழுவினால் தண்ணீர் கெட்டு நாறும். அப்புறம் நாற்றத்துக்கும் ஒரு புகார் வரும்.

கப்பியை மறுபடி வாங்கி விடுங்கள். பழைய ஆட்கள் அதை லோங்காங் மீன், அதாவது சாக்கடை மீன் என்பார்கள். சாக்கடையிலும் தாக்குப்பிடிக்கும், கொசுப்புழுவை விடாமல் கொத்தித் தின்னும். இருபது விட்டால் மூன்று மாதத்தில் இருநூறு ஆகிவிடும். கூடுதலாகிவிட்டால் யாருக்காவது கொடுங்கள். கால்வாயிலோ நீர்த்தேக்கத்திலோ கொண்டுபோய் விடுவது சட்டப்படி குற்றம். அல்லி இலை குளத்தில் பாதிக்கு மேல் மூடாதபடி கழித்துவிடுங்கள். இலை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தால் அந்த மடிப்பில் தேங்கும் தண்ணீருக்கு மீன் போக முடியாது.

பம்ப் விஷயம். அது பொதுச் சுவரை ஒட்டி இருக்கிறதா? அப்படியானால் சுவர்தான் ஒலிபெருக்கி. ஒரு முழம் தள்ளி வைத்து, அடியில் தடித்த ரப்பர் பாய் போடுங்கள். குழாய் சுவரில் இரும்புக் கவ்வியால் இறுக்கப்பட்டிருந்தால் அதையும் கழற்றி ரப்பர் சுற்றி மாட்டுங்கள். நீர்வீழ்ச்சி வைத்திருந்தால் விழும் உயரத்தைக் குறையுங்கள். ஆனால் சத்தத்துக்குப் பயந்து இரவில் பம்பை நிறுத்திவிடாதீர்கள். இரவில்தான் செடியும் சேர்ந்து உயிர்வளியை இழுக்கிறது, மீனுக்கு மூச்சுத் திணறல் வருவது விடியற்காலையில்தான். தண்ணீர் அசைந்துகொண்டிருந்தால் கொசுவும் அதில் முட்டையிட விரும்பாது.

உங்கள் வட்டாரத்தில் டெங்கி வந்திருப்பதால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் யாராவது புகை அடிக்க ஆள் கூப்பிட்டால் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புகை மருந்துகளில் பல, பைரித்ராய்டு வகையைச் சேர்ந்தவை. மனிதரைவிட மீனுக்கு அது கொடிய நஞ்சு. குளத்தைக் கித்தான் துணியால் மூடி, காற்றுப் பம்பை அந்த நேரம் மட்டும் நிறுத்திவிட்டு, புகை கலைந்ததும் திறந்துவிடுங்கள். துணியில் தேங்கும் மழைநீரை அன்றே கொட்டுங்கள்.

நான் கோய் மீன் வளர்ப்பது 22 ஆண்டுகளாக. கொசுவால் எனக்கு ஒருநாளும் தொல்லை வந்ததில்லை. நீர்நாயால் வந்தது. ஒரு விடியற்காலை பதினான்கு மீன். இரண்டு தலையும் சிமெண்டுத் தரையில் ஒட்டிக் காய்ந்த செதில்களும்தான் மிச்சம். என் மகள் வளர்ந்த காலம் முழுதும் என்னோடு இருந்த மீன்கள் அவை. இன்னமும் அந்த இடத்தைக் கடக்கும்போது மனம் கனக்கிறது.

வடக்கு வட்டாரவாசி எழுதியது:

மன்னியுங்கள், நான் மாற்றிச் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளை மருத்துவமனைக்குப் போயிருக்கிறான். உங்கள் குளம் காரணமோ இல்லையோ, பக்கத்து வீட்டார் ஒவ்வொரு கொசுக்கடிக்கும் அதைத்தான் நினைப்பார்கள். மூடிவிட்டு, இரண்டு பெரிய தொட்டியில் அல்லி வையுங்கள். அத்தைக்கும் பூ கிடைக்கும்.

பூச்சிக்கட்டுப்பாட்டுத் தம்பி எழுதியது:

அல்லி அக்கா, வணக்கம். நான் புதுக்கோட்டைக்காரன். இங்கே கொசுத்தடுப்பு வேலையில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீர் தேடுவதுதான் வேலை. உங்கள் கேள்வியை மதிய உணவு இடைவேளையில் படித்தேன். இரவு அறைக்கு வந்துதான் பொறுமையாக எழுத முடிந்தது.

வடக்கு வட்டார ஐயா சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அவருடைய அக்கறை நியாயமானது. ஆனால் 3,000 லிட்டர் குளத்தைவிட இரண்டு தொட்டிகளைக் கண்டுதான் நான் பயப்படுவேன். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடுவது சிறிய, அசையாத, தெளிந்த தண்ணீரை. இருபது காசு அளவு தண்ணீர் அதற்குப் போதும். மீன் ஓடும், நீர் அசையும் குளத்தில் அது முட்டையிட்டாலும் புழு பிழைப்பது அரிது. நான் குளம் உள்ள வீடுகளில் புழு எடுத்திருக்கிறேன். பெரும்பாலும் குளத்தில் எடுத்ததில்லை. குளத்திலிருந்து பத்தடிக்குள் எடுத்திருக்கிறேன்.

எங்கே என்று சொல்கிறேன். குளத்தைச் சுற்றிப் பதித்த கல்லில் இருக்கும் குழி. வடிகட்டிப் பெட்டியின் மூடியில் உள்ள வரப்பு. மீனுக்குத் தீனி எடுக்கும் குவளை. செடி மாற்றும்போது ஓரமாக வைத்துவிட்டு மறந்த காலித் தொட்டி. பூந்தொட்டியில் மண் இறுகிப்போனால் மேலே தண்ணீர் இறங்காமல் நிற்கும், அதிலும் இருக்கும். கூரை நீர்த்தாரையில் மாவிலை அடைத்திருந்தால் அங்கே இருக்கும். கடைசியாக, துணி காயப்போடும் மூங்கில் கழி செருகுகிற இரும்புக் குழாய். மழை பெய்தால் அது கிணறு மாதிரி நிரம்பி நிற்கும். மேலிருந்து பார்த்தால் வெறும் இருட்டுத்தான் தெரியும். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

தேடும் விதத்தையும் சொல்கிறேன். பகலிலும் டார்ச் விளக்கு வேண்டும். வெளிச்சம் பட்டதும் புழு மேலிருந்து கீழே நெளிந்து இறங்கும். அந்த அசைவுதான் அடையாளம். எங்கள் ஊரில் கூத்தாடிப் புழு என்போம், உண்மையிலேயே கூத்தாடும். வெள்ளைக் கிண்ணம் ஒன்றும், சமையலுக்கு எண்ணெய் ஊற்றும் ரப்பர்த் தலைச் சொட்டுக்குழாய் ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய், குழி எதிலும் தண்ணீரை உறிஞ்சிக் கிண்ணத்தில் விட்டு ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். கமா போல் வளைந்து, தலை பருத்து இருந்தால் அது கூட்டுப்புழு. அது இருந்தால் ஓரிரு நாளில் கொசு பறக்கப்போகிறது என்று பொருள்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் வேலை முடியாது அக்கா. ஏடிஸ் முட்டையை ஒவ்வொன்றாகத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கும். கரும்புள்ளி போல, மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் இருக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். மறுபடி மழைநீர் ஏறினால் பொரிக்கும். நம் வெயிலுக்கு முட்டையிலிருந்து கொசுவாக ஏறக்குறைய ஏழு நாள். அதனால்தான் விளிம்பைத் தேய்த்துத் துடைக்கச் சொல்கிறோம், அதனால்தான் வாரம் ஒருமுறை என்கிறோம். குளத்துக் கல்லோரத்தையும் வாரம் ஒருமுறை நாருள்ள பிரஷ்ஷால் தேயுங்கள். கல் குழியைச் சிமெண்டு வைத்து அடைத்துவிடுங்கள். குழாய்க்கு மூடி போடுங்கள்.

அடைக்க முடியாத இடத்துக்கு மட்டும் பி.டி.ஐ. என்ற நுண்ணுயிர் மருந்து. அதைத் தின்ற புழு சாகும். மீனுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கூட்டுப்புழு எதையும் தின்னாது, ஆகவே அதன்மேல் இந்த மருந்து வேலை செய்யாது. வெயிலில் வீரியம் குறைந்துவிடும். திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

உங்களிடம் ஒரு கேள்வி. பக்கத்து வீட்டாரை எந்த நேரத்தில் கடிக்கிறது? காலை விடிந்த பிறகும் மாலை இருட்டுவதற்கு முன்னும் கணுக்காலில் கடித்தால் ஏடிஸாக இருக்கலாம். கால்களில் வெள்ளைப் பட்டை இருக்கும். நள்ளிரவில் காதோரம் பாடினால் அது பெரும்பாலும் கியூலெக்ஸ், அழுக்கு வடிகாலில் பெருகுவது. மாலையில் விளக்கைச் சுற்றிப் புகைபோல் கூட்டமாக ஆடுவது இரண்டுமே இல்லை. அது மிட்ஜ் என்கிற பூச்சி, கடிக்காது. பிடோக், பாண்டான் நீர்த்தேக்கங்களை ஒட்டிய வீடுகளில் முன்பு அது பெருந்தொல்லையாக இருந்தது. சுவரில் உட்காரும்போது மிட்ஜ் முன்னங்காலைத் தூக்கும், கொசு பின்னங்காலைத் தூக்கும். உங்கள் குளத்தின் அடியில் சேறு இருந்தால் மிட்ஜ் வரலாம். சேற்றை அள்ளினால் குறையும். சில வட்டாரங்களில் வோல்பாக்கியா என்ற நுண்ணுயிரைச் சுமக்கும் ஆண் கொசுக்களையும் விடுகிறார்கள்; அவற்றோடு சேரும் பெண் கொசுவின் முட்டை பொரிக்காது. 2016இல் தொடங்கிய திட்டம். ஆண் கொசு கடிக்காது. அதைப் பார்த்தும் சிலர் பயப்படுகிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைக்கு வந்த டெங்கி எந்தக் கொசுவிலிருந்து வந்தது என்று யாராலும் கைகாட்டிச் சொல்ல முடியாது. 150 மீட்டருக்குள் இரண்டு வாரத்தில் இரண்டு பேருக்கு வந்தாலே அதை ஒரு தொற்றுக் குழுமமாகக் கணக்கிடுகிறார்கள். பள்ளியிலும் கடித்திருக்கலாம், பேருந்து நிறுத்தத்திலும் கடித்திருக்கலாம். ஆனால் தேடாமல் இதை அந்த ஆன்ட்டியிடம் சொல்லாதீர்கள். முதலில் தேடுங்கள். உங்கள் வீட்டில் கிடைத்தால் கிடைத்தது என்றே அவரிடம் சொல்லுங்கள்.

ஒரு காலத்தில் புகார் செய்தவள் எழுதியது:

நான் அந்த ஆன்ட்டியின் இடத்தில் இருந்தவள். 2020இல் இந்த நாட்டில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்ததே, அதில் நானும் ஒருத்தி. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துவதுபோல் ஐந்து நாள் வலித்தது. இரத்தத் தட்டணு எண்ணிக்கை குறையக் குறைய, என் பிள்ளைகளை நினைத்து அழுதேன். வீடு திரும்பியதும் கீழ்வீட்டுப் பூந்தொட்டிகள்தான் கண்ணில் பட்டன. புகார் செய்தேன்.

அப்போது எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். யாராவது ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டி, "வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லியிருந்தால் போதும். கீழ்வீட்டுக்காரர் கதவையே திறக்கவில்லை. வழக்கு சமூகச் சமரச நிலையம் வரை போனது. அங்கே பேசி முடித்தோம். ஆனாலும் மின்தூக்கியில் பார்த்தால் இன்றும் இருவரும் தலையைத் திருப்பிக்கொள்கிறோம். நீங்கள் அந்த நிலைக்குப் போகாதீர்கள். தேடும்போது ஆன்ட்டியையும் கூப்பிடுங்கள்.

சிலேத்தார் அல்லி எழுதியது:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். எல்லாருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தம்பி சொன்னபடி டார்ச் விளக்கு, வெள்ளைக் கிண்ணம், சொட்டுக்குழாய் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை கணவரும் நானும் இறங்கினோம். முதலில் குளம். கரையோரம் பத்து இடத்தில் தண்ணீர் எடுத்துப் பார்த்தோம். சிறு நத்தைகள் இருந்தன, ஒரு தும்பிக் குஞ்சு இருந்தது. கொசுப்புழு இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன் பிறகு பின்சுவருக்குப் போனோம். அங்கே மூங்கில் கழி செருகும் இரும்புக் குழாய்கள் மூன்று. உலர்த்தும் இயந்திரம் வாங்கியதிலிருந்து நாங்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. இரண்டுக்கு மூடி இருந்தது. மூன்றாவதன் மூடி எப்போது விழுந்ததோ தெரியாது. விளக்கை நேராக உள்ளே அடித்தேன். கறுப்புத் தண்ணீரில் முதலில் என் விளக்கு வெளிச்சம் மட்டும் வட்டமாகத் தெரிந்தது. பிறகு அந்த வட்டத்தின் ஓரத்திலிருந்து மெல்லிய நூல்கள் போல் ஏதோ நெளிந்து கீழே இறங்கின. சொட்டுக்குழாயில் உறிஞ்சிக் கிண்ணத்தில் விட்டேன். எட்டு புழுக்கள். இரண்டு வளைந்த கூட்டுப்புழுக்கள். வெள்ளைப் பீங்கானில் அவை துள்ளித் துள்ளி மேலே வந்து வாலை நீர்மட்டத்தில் ஒட்டித் தொங்கியதைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. அந்தக் குழாய் இருப்பது ஆன்ட்டி வீட்டு வேலியிலிருந்து நான்கே அடியில்.

கொட்டிவிட்டு மூடி போட்டுவிடலாம் என்றார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. கிண்ணத்தைத் தட்டால் மூடி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றேன். "குளத்தில் இல்லை ஆன்ட்டி. ஆனால் என் வீட்டில் இருந்தது. இதோ" என்று காட்டினேன். அவர் கிண்ணத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பையனும் வந்து எட்டிப் பார்த்தான். மன்னிப்புக் கேட்டேன். ஆன்ட்டி ஒன்றும் பேசவில்லை. என் கையிலிருந்த டார்ச் விளக்கை வாங்கிக்கொண்டு தம் வீட்டின் பின்பக்கம் நடந்தார்; என்னையும் வரச் சொன்னார். பையனின் சைக்கிளை மூடியிருந்த நீலக் கித்தானின் மடிப்பில் ஒரு கைப்பிடித் தண்ணீர். அதிலும் மூன்று புழுக்கள். அவர் கித்தானை உதறிவிட்டு, என் தோளில் கை வைத்து, "பையன் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான்" என்று மட்டும் சொன்னார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இரண்டு வீட்டையும் சேர்த்துப் பார்க்கிறோம். பையன்தான் கிண்ணம் பிடிக்கிறான். கல்லோரத்தில் இரண்டு குழிகளைக் கணவர் சிமெண்டால் அடைத்துவிட்டார். அடியில் கிடந்த சேற்றை இரண்டு வாளி அள்ளினோம். சிவப்புப் புழுக்கள் நிறைய இருந்தன, தம்பி சொன்ன மிட்ஜ்தான். மாலையில் விளக்கடியில் ஆடும் கூட்டம் பாதியாகக் குறைந்திருக்கிறது.

பம்பைச் சுவரிலிருந்து நகர்த்தி ரப்பர் பாய் போட்டோம். வலப்பக்க வீட்டு அண்ணன் இரவு பதினோரு மணிக்குத் தம் படுக்கையறைக்கு எங்களைக் கூப்பிட்டுச் சுவரில் காது வைத்துக் கேட்கச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. தவளைச் சத்தம் மட்டும் தீரவில்லை. மழை இரவில் விளக்கோடு தேடிப் பார்த்ததில், அடித்தொண்டையில் முழங்குவது எங்கள் குளத்தில் இல்லை, தெருவோர வடிகாலில் என்று தெரிந்தது. அவரே கண்ணால் பார்த்துவிட்டதால் அதைப் பற்றி இப்போது பேச்சு இல்லை.

வடக்கு வட்டார ஐயா, நீங்கள் சொன்னதையும் நான் தள்ளிவிடவில்லை. இன்னொரு முறை எங்கள் வீட்டில் புழு கிடைத்தால் நானே மூடிவிடுவேன் என்று ஆன்ட்டியிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அத்தை நேற்றுக் காலை குளத்தருகே போனார். மூன்று பூ பறித்தார். ஒன்று முருகனுக்கு. மற்ற இரண்டையும் ஒரு கிண்ணத்தில் வைத்து, வேலிக்கு மேல் ஆன்ட்டியிடம் நீட்டினார். இருவருக்கும் பொதுவான மொழி நான்கைந்து மலாய்ச் சொற்கள்தான். அதிலேயே கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்துத் தண்ணீரை அன்றே கொட்டிவிடும்படி அத்தை சைகையில் சொன்னதை நான் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தேன்.

கோய் ஐயாவுக்கு ஒரு கேள்வி. எங்கள் தெரு முனைக் கால்வாயில் நீர்நாய்க் குடும்பம் ஒன்றை இந்த வாரம் இரண்டு முறை பார்த்ததாகச் சொல்கிறார்கள். பின்வாசல் கேட்டுக்கு அடியில் நான்கு விரல் இடைவெளி இருக்கிறது. அது போதுமா அவை நுழைய?

கெம்பாங்கான் கோய் எழுதியது:

குட்டிக்கு அதிகம், அம்மா. இன்றே அடையுங்கள். கேட்டின் அடியில் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்தால் நல்லது. அதுவரை செங்கல்லை நெருக்கி அடுக்கி வையுங்கள். வீட்டுக்குள்ளிருந்து கால்வாய்க்குப் போகும் வடிகால் வாயையும் பாருங்கள், என் வீட்டுக்கு அந்த வழியாகத்தான் வந்தன. தண்ணீர் தடையில்லாமல் போகும்படி கம்பி இடைவெளி விட்டுச் சட்டம் போடுங்கள். பொது வடிகாலை அடைக்கக் கூடாது. பொறி வைப்பதோ விரட்டி அடிப்பதோ வேண்டாம், சட்டம் அவற்றைக் காக்கிறது. பெரும்பாலும் விடியற்காலையில் வரும். அத்தை ஐந்தரை மணிக்குக் குளத்தருகே போகிறார் என்றீர்களே, குட்டியோடு இருக்கும் நீர்நாய் கடிக்கும். இடைவெளியை அடைக்கும் வரை அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.